சிஸ்டர் பதில்கள்: "இந்தக் காயம் எப்படி வந்துச்சு?"

போன இதழ்ல ஒரு வாசகி, அடிக்கடி காயத்தோட வார்டுக்கு வர்ற ஒரு குழந்தையப் பத்தி நாலு வரி எழுதிக் கேட்டிருந்தாங்க. நானும் நாலு வரிதான் பதில் போட்டேன், "சந்தேகம் வந்தா வார்டு இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்க"ன்னு. அதுக்கு வந்த கடிதம், மெயிலெல்லாம் பாத்தா, இந்தப் பகுதி ஆரம்பிச்சதுலேர்ந்து இவ்ளோ வந்ததே இல்ல. பாதிப் பேரு நர்ஸுங்க, மீதி அம்மா, அப்பா, டீச்சருங்க. அதனால இந்தத் தடவ தலைவலி, முட்டிவலி, தூக்கமின்மையெல்லாம் ஓரமா வச்சாச்சு, முழுக்க குழந்தைக் கொடுமை பத்தித்தான். யாரு பேரும் போடல, எழுதின எல்லாருமே போட வேண்டாம்னுதான் கேட்டிருந்தாங்க.

*சிஸ்டர், நான் குழந்தைங்க வார்டுல சேந்து ஆறு மாசம்தான் ஆகுது. குழந்தைன்னா விழத்தான் செய்யும். எது விளையாட்டுல பட்டது, எது அடிச்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தப்பா நெனச்சு ஒரு குடும்பத்தோட மானத்த வாங்கிடுவேனோன்னு பயமா இருக்கு.*

பயப்படுங்க மா, தப்பில்ல, பயமே இல்லாம இதுல எறங்குறவங்களப் பாத்தாதான் எனக்குக் கவலை. ஆனா ஒண்ணு, அடிச்சது யாருன்னு கண்டுபிடிக்கறது உங்க வேலையே கிடையாது. அவங்க சொல்ற கதையும் உங்க கண்ணுக்குத் தெரியற காயமும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், ஒத்துப்போகலன்னா அத அடுத்தவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லணும், அவ்ளோதான்.

எப்படிப் பாக்கறதுன்னா, மொதல்ல எடம். நடக்க ஓட ஆரம்பிச்ச குழந்தைக்கு முட்டியில, முழங்காலுக்குக் கீழ முன்பக்கம், நெத்தியில ரத்தம் கட்டியிருந்தா அது பெரும்பாலும் விளையாட்டுதான், எலும்பு துருத்திக்கிட்டு இருக்கற எடம், விழுந்தா அங்கதான் மொதல்ல படும். அதுவே 4 வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, பின்பக்கம், காது, கழுத்துன்னு இருந்தா நின்னு யோசிங்க. நீங்களே விழுந்து பாருங்க, காதுல அடிபடுமா? தோள்தான் படும். கன்னத்து சதை, தாடை மடங்குற எடம், கண் இமை, கண்ணு வெள்ளையில ரத்தச் செகப்பு, மேல் உதட்டையும் ஈறையும் சேக்கற அந்தச் சின்ன ஜவ்வு கிழிஞ்சிருக்கறது, இதெல்லாமும் அந்தக் கணக்குதான். அப்புறம் தடம். விரல் விரலா, பெல்ட் மாதிரி, வயர மடிச்சு அடிச்ச வளையம் மாதிரி ஒரு உருவம் தெரிஞ்சா விழுந்ததுன்னு சொல்ல முடியாது. 5 மாசம் கூட ஆகாத குழந்தைன்னா எடமெல்லாம் பாக்கவே வேணாம், எங்க ரத்தம் கட்டியிருந்தாலும் கேள்விதான், பொரளத் தெரியாத புள்ள எங்க போய் இடிச்சுக்கும்?

இத டென்-4-ஃபேசஸ்-பி விதின்னு சொல்லுவாங்க, மேல சொன்ன எடம், வயசு, தடம் இதுங்களோட இங்கிலீஷ் மொத எழுத்தையும் எண்ணையும் சேத்து வச்ச பேரு. 2021-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, வேணும்னே ஏற்படுத்துன காயங்கள்ல 100-க்கு 95-ஐ இந்த விதி பிடிச்சுது, விபத்துல 100-க்கு 87-ஐச் சரியா ஒதுக்குச்சு. மிச்சம் 13-ஐயும் பாருங்க. விபத்துதான், ஆனா விதி கொடி காட்டுது. அதனாலதான் சொல்றேன், இது தீர்ப்பு இல்ல, இன்னும் நல்லாப் பாக்கணும்ங்கற அறிகுறி மட்டும்தான்.

நான் சேந்த புதுசுல ஒரு மூணரை மாசக் குழந்தை, சளிக்கு வந்துச்சு. கன்னத்துல ஒரு சின்ன ரத்தக்கட்டு, ரெண்டு விரல் அகலம் கூட இல்ல. "அண்ணங்காரன் பொம்மைய வச்சு அடிச்சுட்டான்"னாங்க, நானும் சிரிச்சுக்கிட்டே "சுட்டிப் பையன்"னேன். கேஸ் ஷீட்ல அத எழுதக் கூட இல்ல. மூணு வாரம் கழிச்சு அதே குழந்தை தொடை எலும்பு ஒடஞ்சு வந்துச்சு. அந்த ரெண்டு விரல் கன்னம் இன்னிக்கும் எனக்குக் கண்ணு முன்னாடி நிக்குது. பல வருஷம் கழிச்சு, 2013-ல வந்த ஒரு ஆய்வப் படிச்சேன், கொடுமைக்கு ஆளானது உறுதியான 200 கைக்குழந்தைங்கள்ல நூத்துக்கு 27 பேருக்கு மேல, முன்னாடியே இப்படி ஒரு சின்னக் காயம் இருந்திருக்கு. பெரிய காயத்துக்கு முன்னாடி வந்து மணி அடிச்சுட்டுப் போற காயம்.

இப்ப எதிர்ப்பக்கமும் சொல்லிடறேன், இது தெரியாம நெறைய பேரு தப்புப் பண்றாங்க. ரத்தக்கட்டோட கலர வச்சு "இது நாலு நாள் பழசு"ன்னு சொல்ல முடியாது, மஞ்சளா பச்சையான்னு பாத்து நாள் கணக்குச் சொல்றத விட்டுடுங்க, எழுதவும் எழுதாதீங்க. கருப்பு, மாநிறத் தோல்ல ரத்தக்கட்டு சரியாத் தெரியாது, நல்ல வெளிச்சத்துல பாருங்க, தொட்டு வலிக்குதான்னும் கேளுங்க. நம்ம நிறத்துக் குழந்தைங்க நெறைய பேருக்கு இடுப்பு, பின்பக்கத்துல பொறக்கும்போதே நீலமா ஒரு மச்சம் இருக்கும், அது அடி இல்ல, மாசக் கணக்குல அப்படியே இருக்கும், வலிக்காது. பொறந்த அன்னிக்கே அத எழுதி வச்சா பின்னாடி ஒரு அம்மா அழ வேண்டி வராது. ரத்தம் உறையாத வியாதி, எலும்பு லேசுல ஒடையற வியாதின்னும் இருக்கு, அதுக்கு டெஸ்ட் உண்டு, டாக்டர் பாத்துப்பாங்க.

சூட்டுக் காயம்னா ஓரத்தப் பாருங்க. குழந்தை தானா இழுத்துக் கொட்டிக்கிட்டா மேலேர்ந்து கீழ ஓடி, ஒழுங்கில்லாம, தெறிச்சு இருக்கும். புடிச்சு வென்னீர்ல வச்சிருந்தா சாக்ஸ் போட்ட மாதிரி ரெண்டு காலும் ஒரே அளவுக்கு, கோடு கிழிச்ச மாதிரி நிக்கும். கதை ஆளுக்கு ஆள் மாறுறது, நேத்து பட்ட காயத்துக்கு இன்னிக்கு சாயந்திரம் வர்றது, குழந்தை வயசுக்குச் செய்ய முடியாத ஒண்ண அது செஞ்சுதுன்னு சொல்றது, இதெல்லாம் சேத்துத்தான் பாக்கணும். தனியா ஒண்ண மட்டும் வச்சு முடிவுக்கு வராதீங்க.

*நைட் டியூட்டில மருந்து குடுக்கப் போனப்ப 9 வயசுப் பொண்ணு ஒண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு "ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னுச்சு. நான் பண்ணிட்டேன் சிஸ்டர். அப்புறம் அவ சொன்னதக் கேட்டு என்ன பண்றதுன்னே தெரியாம காலைல வரைக்கும் உக்காந்திருந்தேன். இப்ப சத்தியத்த மீறினா துரோகம் இல்லையா?*

காலைல இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டீங்கன்னு கடிதத்தோட கடைசில எழுதியிருந்தீங்க, நல்லது பண்ணீங்க. ராத்திரியே சொல்லியிருக்கலாம், ஆனா பரவால்ல.

சத்தியம் பண்ணக் கூடாது. இதத்தான் நர்ஸிங் படிக்கறப்பவே சொல்லிக்குடுக்கணும். குழந்தை அப்படிக் கேட்டா, "நீ சொல்றத நான் கவனமாக் கேட்டுக்கறேன், ஒன்னப் பத்திரமா வச்சுக்கறதுக்கு யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன், ஒனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்"னு சொல்லுங்க. இதக் கேட்டுட்டு சில குழந்தைங்க வாய மூடிக்கும், உண்மைதான். அன்னிக்கு மூடிக்கும், ஆனா இந்த சிஸ்டர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு மனசுல வச்சுக்கும், ரெண்டு நாள் கழிச்சுத் தானா வரும். நீங்க சத்தியம் பண்ணிட்டதால போய் நேரா சொல்லிடுங்க, "நான் அவசரத்துல சத்தியம் பண்ணிட்டேன், அது என் தப்பு, ஒன்னக் காப்பாத்த நான் சொல்லியாகணும்"னு. பெரியவங்க ஒருத்தர் தன்கிட்ட மன்னிப்புக் கேக்கறது அந்தப் பொண்ணுக்கு அனேகமா அதுதான் மொதத் தடவையா இருக்கும்.

சொல்லும்போது எப்படிக் கேக்கறதுங்கறது இன்னும் முக்கியம். முகத்துல அதிர்ச்சி காட்டாதீங்க, "அய்யய்யோ"ன்னு நெஞ்சுல கை வைக்காதீங்க, நாம பதறினா அது நம்மளக் காப்பாத்தறதுக்காகவே நிறுத்திடும். கேள்வியில பதில ஒளிச்சு வைக்காதீங்க. "மாமாவா தொட்டாரு?"ன்னு கேட்டா குழந்தை தலையாட்டும், ஏன்னா பெரியவங்க கேட்டா தலையாட்டித்தான் பழக்கம், பின்னாடி விசாரணைல அந்தத் தலையாட்டலே கேஸக் கெடுத்துடும். "என்ன நடந்துச்சு", "அப்புறம்", "இன்னும் ஏதாவது சொல்லணுமா", இது போதும். ஏன்ங்கற வார்த்தையத் தொடவே தொடாதீங்க. "ஏன் முன்னாடியே சொல்லல", "ஏன் அங்க போன", இதுல ஒவ்வொரு ஏனும் ஒன்னாலதான்னு சொல்ற மாதிரி குழந்தை காதுல விழும். விவரமெல்லாம் நோண்டாதீங்க, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க ஒரே தடவ ஒழுங்காக் கேப்பாங்க. நீங்க ஒரு தடவ, டாக்டர் ஒரு தடவ, இன்சார்ஜ் ஒரு தடவன்னு அதே கதைய அஞ்சு தடவ சொல்ல வைக்கறதும் ஒரு கொடுமைதான், வெள்ள யூனிஃபார்ம் போட்ட கொடுமை. கடைசில மூணு விஷயம் சொல்லுங்க, சொன்னது நல்லது, ஒம்மேல தப்பு இல்ல, இப்ப நான் என்ன பண்ணப்போறேன். "இனிமே ஒண்ணும் ஆகாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது நம்ம கையில இல்ல.

வெளிய வந்ததும் குழந்தை சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க. அது "குச்சி"ன்னு சொல்லியிருந்தா குச்சின்னே எழுதுங்க, நீங்களா டாக்டர் பாஷைக்கு மாத்தாதீங்க. நீங்க என்ன கேட்டீங்கங்கறதையும் எழுதணும். அப்புறம் உடனே பாக்க வேண்டியது, இன்னிக்கு ராத்திரி அந்தக் கட்டில் பக்கத்துல தொணைக்குப் படுக்கறது யாரு? குழந்தை சொன்ன ஆளே அவராக் கூட இருக்கலாம், அவர்கிட்டப் போய் நீங்க எதையும் கேக்கக் கூடாது, மேல சொல்லுங்க.

பாலியல் விஷயம்னா மணிக்கணக்கு முக்கியம். எச்ஐவி வராமத் தடுக்கற மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், வயசுக்கு வந்த பொண்ணுன்னா கர்ப்பத்தத் தடுக்கற மாத்திரை 5 நாளைக்குள்ள, அதுலயும் எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. சமீபத்துல நடந்ததுன்னா துணிய மாத்தறதுக்கு, குளிப்பாட்டறதுக்கு முன்னாடி டாக்டரக் கேளுங்க, துணிய பேப்பர் பைல போடுங்க, பிளாஸ்டிக்ல போட்டா ஈரத்துல பூஞ்சை புடிச்சு தடயம் போயிடும். இன்னொண்ணு, பரிசோதனைல ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம் இல்ல. 2002-ல வந்த ஒரு ஆய்வுல இந்த மாதிரி சந்தேகத்துல வந்த 2384 குழந்தைங்களப் பரிசோதிச்சதுல 4 சதவீதம் பேருக்குத்தான் உடம்புல மாற்றம் தெரிஞ்சுது. இத அந்த அம்மாவுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்றது பெரும்பாலும் நர்ஸோட வாய்தான், "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, அப்ப இவ பொய் சொல்றாளா"ன்னு அவங்க திரும்பி குழந்தையப் பாக்கறதுக்கு முன்னாடியே.

*டாக்டர்கிட்ட சொன்னேன், "இது குடும்ப விஷயம், நமக்கெதுக்கு வம்பு"ன்னுட்டாரு. நான் என்ன பண்ண?*

எழுதுங்க. எத்தனை மணிக்கு, என்ன பாத்தீங்க, யார்கிட்ட சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க. வாய்ப்பேச்சு காத்தோட போயிடும், கேஸ் ஷீட்ல இருக்கறதுதான் நாளைக்குப் பேசும். "அம்மா கொடுமைக்காரி மாதிரி இருக்காங்க"ன்னு எழுதக் கூடாது, "இடது காதுக்குப் பின்னாடி 2 செமீ நீலமான ரத்தக்கட்டு, எப்படின்னு கேட்டதுக்கு அம்மா 'தெரியல' என்றார்"னு எழுதணும். உடம்புப் படம் வரைஞ்சு குறிச்சா இன்னும் நல்லது. எழுதிட்டு அடுத்த படிக்குப் போங்க, இன்சார்ஜ், குழந்தைப் பாதுகாப்புக்குன்னு ஆஸ்பத்திரில யாராவது இருந்தா அவங்க, இல்ல சோஷியல் வொர்க்கர்.

பல நாட்டுச் சட்டத்துல தகவல் சொல்ற பொறுப்பு டாக்டருக்கு மட்டும் இல்ல, நர்ஸுக்கும் தனியா உண்டு, "டாக்டர் வேணாம்னாரு"ங்கறது பதிலாகாது. அதுவும் ஆதாரம் வேணும்னு இல்ல, நியாயமான சந்தேகம் போதும், உண்மையாங்கறத மத்தவங்க பாத்துப்பாங்க. நீங்க வேலை பாக்கற எடத்துச் சட்டம் என்ன சொல்லுதுன்னு இன்னிக்கே கேட்டு வச்சுக்கோங்க, அவசரத்துல தேடாதீங்க.

குடும்ப விஷயம்னு ஒதுங்கறது புதுசும் இல்ல. 1860-லயே பாரிஸ்ல அம்ப்ருவாஸ் தார்தியூங்கற டாக்டர் அடிபட்டுச் செத்த குழந்தைங்களப் பத்தி எழுதினாரு, யாரும் கண்டுக்கல. 1946-ல ஜான் கேஃபிங்கற எக்ஸ்ரே டாக்டர் மண்டைக்குள்ள ரத்தக்கசிவும் கை கால் எலும்பு முறிவும் சேந்து வர்றதப் பாத்து எழுதினாரு, அப்பவும் காரணத்த நேரா யாரும் சொல்லல. 1962-ல ஹென்றி கெம்ப்பும் கூட இருந்தவங்களும் "அடிபட்ட குழந்தை"ன்னு பேரு வச்சு எழுதினப்புறம்தான் அமெரிக்காவுல அஞ்சே வருஷத்துல எல்லா மாநிலத்துலயும் தகவல் சொல்லணும்னு சட்டம் வந்துச்சு. நூறு வருஷம் டாக்டருங்க காயத்தப் பாத்துட்டுக் கதைய நம்பியிருக்காங்க. உங்க டாக்டர் ஒருத்தர் மட்டும் இல்ல.

*என் பையன் கட்டில்லேர்ந்து விழுந்து தலைல அடி. அவசரத்துல தூக்கிக்கிட்டு ஓடினா, அங்க இருந்த நர்ஸ் "எப்படி விழுந்தான்"னு மூணு தடவ கேட்டாங்க. நான் என்ன கொலைகாரியா? அவமானமா இருந்துச்சு.*

இருக்கத்தான் செய்யும் மா. அவங்க சார்புல நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், கேட்டதுக்காக இல்ல, எதுக்குக் கேக்கறோம்னு சொல்லாம கேட்டதுக்காக. "சின்னக் குழந்தைக்குத் தலைல அடின்னா எல்லார்கிட்டயும் இதே கேள்வியக் கேப்போம், உங்கள மட்டும் இல்ல"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்ளோ வலிச்சிருக்காது.

ஆனா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் சரி. பாத்தா நல்லவங்களாத் தெரியறவங்கள விட்டுட்டு, கசங்குன துணில வந்தவங்கள மட்டும் கேட்டா என்ன ஆகும்னு 1999-ல ஒரு ஆய்வு காட்டுச்சு, அமெரிக்காவுல. யாரோ வேணும்னே தலைல காயப்படுத்துன 173 சின்னக் குழந்தைங்கள்ல 54 பேரு மொதல்ல டாக்டர்கிட்ட வந்தப்ப கண்டுபிடிக்கப்படல. அதுலயும் வெள்ளைக்கார வீட்டுக் குழந்தைங்க, அம்மா அப்பா சேந்து வாழற வீட்டுக் குழந்தைங்களத்தான் அதிகமாத் தப்பவிட்டிருக்காங்க. "இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல"ங்கற நெனப்புக்கு அந்தக் குழந்தைங்க குடுத்த வெலை அது.

*ஸ்கூல் நர்ஸா இருக்கேன். ஒரு பையன், ஒடம்புல காயம் எதுவும் இல்ல. ஆனா எப்பவும் அழுக்குத் துணி, பல் சொத்தை, பசியோட வர்றான், வெயிட் ஏறவே இல்ல. கண்ணாடி போடணும்னு எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. இதுவும் கொடுமைல சேருமா?*

சேரலாம். அடிக்கற வீட்ட விட, கண்டுக்காத வீடுதான் அதிகமா நம்ம கண்ணுல படும், அதிகமா நாம விட்டுடறதும் அதுதான், ஏன்னா ஒரு நாள்ல எதுவும் தெரியாது. அதனால தேதி போட்டு எழுதுங்க. ஒயரம், எடை சார்ட்ல புள்ளி வையுங்க, ஒரு புள்ளி பொய் சொல்லும், ஆறு புள்ளி சேந்தா சொல்லாது. ஓபிக்கு வரலன்னா "குழந்தை வரவில்லை"ன்னு எழுதற பழக்கத்த விடுங்க, "குழந்தை அழைத்து வரப்படவில்லை"ன்னு எழுதுங்க, ஏழு வயசுப் பையன் தானா பஸ் ஏறி கண் டாக்டர்கிட்ட போக முடியாது இல்லையா. அந்த ஒரு வார்த்தை படிக்கறவங்க பார்வையையே மாத்திடும்.

ஆனா இங்க ஒரு பள்ளம் இருக்கு, கவனமாத் தாண்டணும். இல்லாதவங்க வேற, இருந்தும் பாக்காதவங்க வேற. அந்த அம்மா ரெண்டு ஷிஃப்ட் வேலை பாத்துட்டு வர்றவங்களா இருக்கலாம், மனசொடிஞ்சு எந்திரிக்கவே முடியாம இருக்கலாம், அவங்களே அடிவாங்கிக்கிட்டு இருக்கலாம். மொதல்ல உதவி எங்க கெடைக்கும்னு காட்டுங்க, கண்ணாடி எங்க இலவசமாக் குடுக்கறாங்கன்னு நீங்களே போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க. எல்லா உதவியும் கைக்கு வந்தப்புறமும் குழந்தை அப்படியேதான் வருதுன்னா, இல்ல இப்பவே அவன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா, தகவல் சொல்லுங்க.

உதவி பண்றது சும்மா மனசாறுதலுக்குன்னு நெனைக்காதீங்க. 1970-கள் கடைசில நியூயார்க் மாநிலத்துல எல்மைராங்கற ஊர்ல டேவிட் ஓல்ட்ஸ்ங்கறவரு ஒரு வேலை ஆரம்பிச்சாரு. மொதக் குழந்தைக்குக் காத்திருக்கற பொண்ணுங்க வீட்டுக்கு, அதுல நெறைய பேரு கஷ்டப்பட்டவங்க, சின்ன வயசுப் பொண்ணுங்க, நர்ஸுங்க போவாங்க. கர்ப்பமா இருக்கறப்ப ஆரம்பிச்சு குழந்தைக்கு 2 வயசாகற வரைக்கும். உபதேசம் இல்ல, கூட உக்காந்து பேசறது, குழந்தை எதுக்கு அழுதுன்னு சேந்து பாக்கறது. 15 வருஷம் கழிச்சுக் கணக்கெடுத்தப்ப நர்ஸ் வந்துபோன வீடுகள்ல குழந்தைக் கொடுமை, கவனிக்காம விட்டதுன்னு உறுதியான புகார்கள் கிட்டத்தட்ட பாதியாக் கொறஞ்சிருந்துச்சு. கதவத் தட்டுனது போலீஸா இருந்திருந்தா எத்தனை பேரு தெறந்திருப்பாங்க?

*சிஸ்டர், எனக்கு ரெண்டு மாசக் குழந்தை. நேத்து ராத்திரி மூணு மணிநேரம் விடாம அழுதுச்சு. ஒரு நிமிஷம் அதத் தூக்கி ஒலுக்கிடலாம்னு கை போச்சு. ஒலுக்கல. ஆனா நான் மனுஷனே இல்லையோன்னு தோணுது.*

தம்பி, கை போனத எழுதறதுக்கே தைரியம் வேணும், கைய நிறுத்தினீங்க பாருங்க, அத மறந்துடாதீங்க. பொறந்த ரெண்டு வாரத்துல ஆரம்பிக்கற அழுகை ரெண்டு மாசத்துலதான் உச்சத்துக்குப் போகும், மூணு அஞ்சு மாசத்துக்குள்ள தானாக் கொறஞ்சிடும், என்ன பண்ணாலும் அடங்காத அழுகை நல்லா இருக்கற குழந்தைக்கும் உண்டு. பால், துணி, காய்ச்சல் பாத்தாச்சு, இன்னும் அழுதா தொட்டில்ல மல்லாக்கப் படுக்க வச்சுட்டு, கதவச் சாத்திட்டு பத்து நிமிஷம் வெளிய போய் நில்லுங்க. அழுது எந்தக் குழந்தைக்கும் மூளை கலங்கல, ஒலுக்கிக் கலங்கியிருக்கு, கண்ணு போயிருக்கு, உயிரும் போயிருக்கு. யாருக்காவது போன் பண்ணி "கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிடுங்க, வெக்கப்படாதீங்க. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்கல, சத்தமே வித்தியாசமா இருக்குன்னா மட்டும் உடனே டாக்டர்.

நர்ஸுங்களுக்கு இதுல ஒரு வரி. நியூயார்க் மாநிலத்து மேற்குப் பகுதில 1998 கடைசிலேர்ந்து, பிரசவ வார்டுலயே நர்ஸுங்க அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் இத சொல்லிக்குடுத்து கையெழுத்து வாங்குனாங்க, இப்படி ஒலுக்குன கேஸு அங்க 47 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2005-ல எழுதினாங்க. அப்புறம் பென்சில்வேனியா முழுக்க அதையே பண்ணப்ப ஆஸ்பத்திரிக்கு வர்ற எண்ணிக்கை கொறையல, அதையும் 2017-ல அவங்களே எழுதினாங்க. அதனால ஒரு தாள நீட்டி கையெழுத்து வாங்குனா போதும்னு நெனைக்காதீங்க. ஆனா அப்பாவையும் உக்கார வச்சுச் சொல்லுங்க, அவங்க வெளில நின்னுக்கிட்டே இருப்பாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க.

*தகவல் சொல்லியாச்சு, விசாரணை நடக்குது, குழந்தை இன்னும் எங்க வார்டுலதான் இருக்கு. 6 வயசு. ஊசின்னா கடிக்குது, மத்த நேரம் செல மாதிரி உக்காந்திருக்கு. நாங்க எப்படி நடந்துக்கணும்?*

இந்தக் கேள்விக்காகத்தான் மத்ததையெல்லாம் சுருக்கமா முடிச்சேன்.

கடிக்கறது கொழுப்பு இல்ல. அந்தப் புள்ளைக்குப் பெரியவங்க கை வேகமா கிட்ட வந்தா என்ன அர்த்தம்னு ஒடம்புக்கு மனப்பாடம். அதனால கை போறதுக்கு முன்னாடி வார்த்தை போகணும். "நான் இப்ப ஒன் கையத் தொடப்போறேன், பட்டை சுத்துவேன், இறுக்கும், வலிக்காது." வலிக்கும்னா "வலிக்கும், அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சுடும்"னு சொல்லுங்க, சொன்ன மாதிரி அஞ்சுல முடிங்க. எது நம்ம கைல இருக்கோ அத குழந்தை கைல குடுங்க, ஊசி போட்டே ஆகணும், ஆனா எந்தக் கைல, உக்காந்தா படுத்தா, நான் எண்ணவா நீ எண்றியா. இதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். அதுக்கு இவ்ளோ நாளா எதையும் முடிவு பண்ற உரிமையே இருந்ததில்ல. நாலு பேரு சேந்து அமுக்கிப் புடிக்கறத உயிர் போற அவசரம் தவிர எதுக்கும் செய்யாதீங்க. பின்னாடிலேர்ந்து போய்த் தொடாதீங்க, தூங்கறப்ப பிபி பாக்கணும்னா மொதல்ல பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. டிரெஸ்ஸிங்குக்குத் துணி எடுக்கணும்னா தேவையான எடத்த மட்டும், மிச்சத்த மூடியே வையுங்க.

செல மாதிரி உக்காந்திருக்கறதுதான் என்ன அதிகமா பயமுறுத்தும். அழாத குழந்தை நல்ல குழந்தைன்னு வார்டுல பேரு வாங்கிடும், யாரும் பக்கத்துல போக மாட்டாங்க. போய் உக்காருங்க. பேசணும்னு இல்ல, ஒரு பேப்பர், கலர் பென்சில், நீங்க உங்க சார்ட்ட எழுதுங்க, அது கிறுக்கட்டும். தினம் ஒரே நர்ஸ் போற மாதிரி டியூட்டி போட முடியுமான்னு இன்சார்ஜக் கேளுங்க, முடியலன்னா ஷிஃப்ட் மாறறப்ப "இப்ப நான் போறேன், காலைல ஏழு மணிக்கு வருவேன், அதுவரைக்கும் இந்த அக்கா"ன்னு அறிமுகப்படுத்திட்டுப் போங்க. சொல்லாமப் போகாதீங்க. அதுக்குத் தெரிஞ்சவங்க நெறைய பேரு சொல்லாமத்தான் போயிருப்பாங்க. ஹேண்டோவர்ல கதையப் பேசற எடமும் முக்கியம், கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு "அந்த அடிச்ச கேஸு"ன்னு சொல்றத நான் என் காதால கேட்டிருக்கேன். அதுக்குக் காது இருக்கு, பேரும் இருக்கு.

இன்னொண்ணு ஜீரணிக்கக் கஷ்டமா இருக்கும். அடிச்ச அப்பா வந்தாருன்னா அது ஓடிப்போய்க் கட்டிக்கும். நமக்கு வயிறு எரியும். குழந்தை முன்னாடி அவரப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லாதீங்க, அதுக்கு வேற அப்பா கெடையாது, நீங்க அவரத் திட்டுனா அது தன்னத்தான் திட்டுறீங்கன்னு எடுத்துக்கும். யாரு பாக்க வரலாம், கூட ஆள் நிக்கணுமான்னு குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிங்க முடிவு பண்ணுவாங்க, அத மீறாம இருக்கறதும், வர்றவங்ககிட்ட மரியாதை கொறையாமப் பேசறதும் நம்ம வேலை. ஒரு கோப்பை தண்ணி குடுக்கறதால நீங்க அவர மன்னிச்சதா ஆகிடாது.

*இந்த மாதிரி ஒரு குழந்தையப் பாத்துட்டு வந்தா ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல. காரணம் எனக்குத் தெரியும். சின்ன வயசுல எனக்கும் அடிதான். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?*

லாயக்குதான். உங்கள மாதிரி எத்தனை பேரு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்கறாங்கன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. 1998-ல அமெரிக்காவுல வந்த ஆய்வு ஒண்ணு, சின்ன வயசுக் கஷ்டங்களப் பத்தி பெரியவங்ககிட்டக் கேட்டது, அதுல பாதிக்கு மேல ஒண்ணாவது இருந்துச்சுன்னு சொன்னாங்க, எல்லாம் சாதாரணமா செக்கப்புக்கு வந்தவங்க. ஆனா தூக்கம் போறத சும்மா விடாதீங்க, தாங்க முடியாத கேஸ் வந்தா "இன்னிக்கு இத வேற யாராவது பாக்கட்டும்"னு இன்சார்ஜ்கிட்ட காரணம் சொல்லாமலே கேக்கலாம், அந்த உரிமை உங்களுக்கு உண்டு. கவுன்சிலர் ஒருத்தரப் பாருங்க. நம்பிக்கையான ஒரு தோழிகிட்ட, குழந்தை பேரு எதுவும் சொல்லாம, உங்கள என்ன பண்ணுதுன்னு மட்டும் பேசுங்க. நீங்க அந்தக் குழந்தைக்குக் குடுக்கற தூரம், நேரம், பொறுமை எல்லாம் உங்களுக்கும் கொஞ்சம் வேணும்.

*அனுப்பி வச்ச குழந்தை அப்புறம் என்ன ஆச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே சிஸ்டர்?*

சொல்ல மாட்டாங்க, அது ரகசியம், அப்படித்தான் இருக்கணும். எனக்கும் ரெண்டே ரெண்டு குழந்தை பத்தித்தான் தெரியும். ஒருத்தி பதினேழு வயசுல காய்ச்சலுக்கு ஓபிக்கு வந்தா, என்ன அடையாளம் தெரியல அவளுக்கு. ரத்தம் எடுக்கப் போனப்ப கைய நீட்டிட்டு "நான் எண்றேன், நீங்க எடுங்க"ன்னா.